எழுபது ஆண்டாகத் திரும்பிப் போகாத சுற்றுலாப் பயணி

மேன்மை தங்கிய கேளிக்கைப் பூங்கா நிர்வாகத்தினருக்கு,

பொருள்: தங்கள் பூங்காவுக்கு வருகை புரிந்த வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணி ஒருவரின் சார்பில் நன்றி நவில்தல்.

இந்தப் பள்ளி விடுமுறையில் ஒரு வேன் நிறையத் தங்கள் வாசலில் வந்து இறங்கினோம். அந்த வேனில் அந்நிய நாட்டவர் ஒருவரும் வந்திருக்கிறார் என்பது அதுவரை எங்களுக்குத் தெரியாது. ஒரே சட்டிச் சோற்றில் வளர்ந்த எங்களுக்கே தெரியாததைத் தங்கள் டிக்கெட் கவுண்டரில் இருந்த பிள்ளை ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிட்டார். எங்கள் பாட்டியின் அடையாள அட்டையை, அதாவது ஐசியை, வாங்கினார். முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார். பிறகு மைக்கைப் பக்கத்தில் இழுத்து, பின்வரிசையில் பலூன் வைத்திருந்த குழந்தைவரை கேட்கும்படி, இந்த அம்மாவுக்கு மைகார்ட் கட்டணம் கிடையாது, வெளிநாட்டவர் கட்டணம்தான் என்று அறிவித்தார்.

பாட்டி என் பக்கம் திரும்பி, "என்னாய்யா சொல்லுது அந்தப் புள்ள?" என்றார். மலாய் புரியாமல் கேட்ட கேள்வியல்ல அது. 'டென்', 'எகாவ்' என்று அசல் நெகிரிப் பேச்சுப் பேசுகிறவர் அவர். எங்கள் வட்டாரத்துச் சந்தையில் மீன்காரர் அவரிடம் பேரம் பேசப் பயப்படுவார்.

இரண்டு கட்டணத்துக்கும் உள்ள வித்தியாசம், இன்றைய குறைந்தபட்ச மாதச் சம்பளமான 1,700 வெள்ளியை வைத்துப் பார்த்தால், ஏறக்குறைய ஒரு நாள் கூலி. கட்டினோம். விருந்தாளியை வாசலில் நிறுத்திவைத்து வழக்குப் பேசுவது மரியாதை இல்லையே.

இந்தப் பயணியைப் பற்றித் தங்கள் சந்தைப்படுத்தல் பிரிவு தெரிந்துகொள்வது நல்லது. மற்றவர்கள் மூன்று பகல் இரண்டு இரவு என்று வந்துபோகிறார்கள். எங்கள் பாட்டி மெர்டேக்காவுக்கு முன்பே வந்துவிட்டார். கப்பலில் வரவில்லை, விமானத்திலும் வரவில்லை. போர்ட்டிக்சன் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றின் லயத்தில், மருத்துவச்சியின் கையில் நேராக வந்து இறங்கினார். அவசரகாலம் நடந்துகொண்டிருந்த நேரம் அது. லயத்தைச் சுற்றி முள்கம்பி வேலி, வாசலில் காவல். வந்த பயணிக்கு அவ்வளவு பாதுகாப்பு.

தங்குமிடம் பலகை வீடு, தகரக் கூரை, தண்ணீருக்குப் பொதுக் குழாய். காலை நிகழ்ச்சி பொழுது விடியுமுன்பே பெரட்டுக்களத்தில் தொடங்கிவிடும். பேர் கூப்பிட்டு வழிகாட்டுவதற்குத் தண்டல் என்று ஓர் உள்ளூர் வழிகாட்டி உண்டு. அதன்பின் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரக் காட்டுக்குள் நடைப்பயணம். ஒரு நாளைக்கு 400, 500 மரம். வெட்டி, மங்கு வைத்து, பாலை எடுத்து, வாளியைச் சுமந்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்தால் மதிய நிகழ்ச்சி ஆரம்பம்: ஆயாக் கொட்டகையில் விட்ட பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து சமைப்பது. பால்மரத்தை வெட்டிச் சாய்த்துச் செம்பனை நட்டபோது பயணியின் சுற்றுலாத் திட்டமும் மாற்றப்பட்டது. கீழே உதிர்ந்த பழம் பொறுக்குவது, மருந்தடிப்பது. புகார் எதுவும் பதிவாகவில்லை.

பயணம் அவருக்கு அவ்வளவு பிடித்துவிட்டது. அரசாங்கம் 1990இல் முதல் 'மலேசியாவுக்கு வருகை தாருங்கள்' ஆண்டை அறிவித்து உலகத்தையே அழைத்தபோது பாட்டி ஏற்கெனவே இங்கே இருந்தார். 1994இல் மறுபடி அழைத்தார்கள், இருந்தார். 2007இலும் 2014இலும் இருந்தார். 2020ஆம் ஆண்டைக் கோவிட் வந்து ரத்து செய்துவிட்டது. எல்லையை மூடினார்கள், விமானங்கள் நின்றன, வெள்ளைக்காரர்கள் எல்லாம் அவரவர் ஊருக்கு ஓடினார்கள். ரத்தான ஆண்டிலும் தம் வருகையை ரத்து செய்யாத பயணி எங்கள் பாட்டி. 2026க்கு வீரா, மஞ்சா என்று இரண்டு சூரியக் கரடிகளைச் சின்னமாக வைத்திருக்கிறார்கள். கரடிகள் இந்த மண்ணுக்குரியவை என்பதால் தேர்வாயினவாம். அவற்றின் ஐசி என்ன நிறம் என்று யாராவது பார்த்தார்களா என்று பாட்டிதான் கேட்டார். நான் கேட்கவில்லை.

நிறம் என்று வந்துவிட்டதால் சொல்லிவிடுகிறேன். நிரந்தரவாசியான பாட்டியின் ஐசி சிவப்பு; நீலம் குடிமக்களுக்கு. பாட்டியின் தம்பி, எங்கள் சின்னத் தாத்தா, நீல ஐசிக்காரர். அதே லயம், அதே மருத்துவச்சி, அதே பாய். அவர் செய்த சாமர்த்தியமெல்லாம் 1957 ஆகஸ்ட் 31க்குப் பிறகு பிறந்ததுதான். அன்றைய சட்டப்படி அந்தத் தேதி முதல் இந்த மண்ணில் பிறந்த பிள்ளை தானாகவே குடிமகன். முன்னால் பிறந்தவர்கள் மனுப் போட்டுப் பதிந்துகொள்ள வேண்டும். அக்காள் முந்திக்கொண்டார், பாவம். தம்பி குடிமகன், அக்காள் சுற்றுலாப் பயணி. தீபாவளிக்கு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடும்போது இருதரப்பு உறவுகள் சுமுகமாகவே இருக்கின்றன.

சுதந்திரம் கிடைத்த முதல் ஓராண்டுக்கு மலாய் மொழித் தேர்வுகூட வேண்டாம், வந்து பதிந்துகொள்ளுங்கள் என்று கதவைத் திறந்துதான் வைத்திருந்தார்கள். அந்தச் செய்தி தோட்டத்துக்குள் எப்படி வந்து சேரும்? பாட்டியின் அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. டவுனுக்குப் போனால் ஒரு நாள் பேர் விழாது, கூலி போய்விடும். கணக்கெழுதும் கிராணி பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிட்டார்கள். கிராணி துரை பார்த்துக்கொள்வார் என்று இருந்தார். துரை தோட்டத்தை விற்றுவிட்டுக் கப்பல் ஏறினார்.

பிறகு மனு மேல் மனு. பிறப்புப் பத்திரம் எங்கே? இல்லை. சாட்சி எங்கே? செத்துப்போனார். 2018இல், 60 வயதைக் கடந்த சிவப்பு ஐசி இந்தியர்கள் 3,407 பேருக்குக் குடியுரிமை என்று அன்றைய பிரதமர் மகாதீர் அறிவித்தபோது பாட்டி நல்ல புடவையை எடுத்து வெளியே வைத்தார். அந்தப் புடவை மறுபடி பெட்டிக்குள் போய்விட்டது. மனு மட்டும் இன்னும் புத்ராஜெயாவில் இருக்கிறது. புத்ராஜெயா எதன்மேல் கட்டப்பட்டது என்று தங்களுக்குத் தெரிந்திருக்கும். பிராங் பெசார் தோட்டம். பாட்டியின் சிநேகிதிகள் சிலர் பால் வெட்டிய இடம். நாட்டின் தேசியப் பதிவுத் துறைத் தலைமையகமும் அங்கேதான். நிரை நிரையாக மரம் நின்ற தோட்டத்தில் இப்போது கோப்பு நிற்கிறது. அந்தக் கோப்புகளில் ஒன்று, இந்தப் பெண்மணி இங்கே பிறந்தவர்தானா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறது.

இவ்வளவுக்கும் விடை அந்தச் சிவப்பு அட்டையிலேயே இருக்கிறது. ஐசி எண்ணின் நடுவில் வரும் இரண்டு இலக்கம் பிறந்த இடத்தைக் குறிக்கும் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். பாட்டியின் எண்ணில் 05. நெகிரி செம்பிலான். தங்கள் கவுண்டர் பிள்ளை அதைத்தான் விரலால் தொட்டுத் தொட்டுத் தட்டச்சு செய்தார். பிறந்தது இங்கே என்று எழுதியிருக்கும் அட்டையை வைத்துக்கொண்டே அந்நியர் என்று காசு வாங்க எப்படி ஐயா மனம் வந்தது? காலம் முழுக்க இந்த நாட்டு மரத்தைச் சீவிய கை அது. அந்த ரப்பரை விற்ற காசில் நாடு ரோடு போட்டது, பள்ளிக்கூடம் கட்டியது. குறைந்தபட்சச் சம்பளம் 900 வெள்ளி என்ற சட்டம் 2013இல் அமலுக்கு வந்தபோது அவர் வெட்டுக் கத்தியைக் கீழே வைத்தாகிவிட்டது, அதுவும் கிடைக்கவில்லை. பேரப்பிள்ளைகள் தண்ணீரில் சறுக்குவதைக் கரையில் உட்கார்ந்து பார்க்க வந்த கிழவியிடம் ஒரு நாள் கூலியைப் பிடுங்கினீர்கள். மைக்கில் சொல்லிப் பிடுங்கினீர்கள். வெட்கமாக இல்லை?

மன்னிக்கவும். வெயிலில் நீண்ட நேரம் நின்ற களைப்பு. தங்கள் பூங்காவின் பசுமை குறித்து இரண்டு வார்த்தை சொல்ல நினைத்திருந்தேன். மிகப் பசுமை.

தங்கள் சோதனைக் காவலர்களும் கடமை தவறாதவர்கள். பையைத் திறந்து, வாழையிலையில் கட்டிய புளிச்சோற்றையும் நெத்திலிச் சம்பலையும் வெளி உணவு என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். வெளிநாட்டவர் கொண்டுவந்தது வெளி உணவாகத்தானே இருக்கும்! உள்ளே வாங்கிக் கொடுத்த நாசி லெமாக்கை ஒரு வாய் தின்றுவிட்டு, "சம்பல் வதங்கல" என்றார் பயணி. உள்ளூர் உணவு பற்றிய அந்நியர் கருத்தாக இதைக் குறித்துக்கொள்ளலாம்.

இன்னொரு சந்தேகம். வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகள் ஹோட்டலில் தங்கினால் அறைக்கு, இரவுக்கு 10 வெள்ளி சுற்றுலா வரி கட்ட வேண்டும் என்று 2017இல் சட்டம் வந்தது. நிரந்தரவாசிகளுக்கு, அதாவது சிவப்பு ஐசிக்காரர்களுக்கு, அந்த வரி கிடையாது. அந்த வரியை நிர்வகிக்கும் சுங்கத் துறையே எங்கள் பாட்டியைச் சுற்றுலாப் பயணி இல்லை என்கிறது. சுங்கத் துறைக்குத் தப்பியவரைத் தாங்கள் பிடித்திருக்கிறீர்கள். ஒருவேளை இந்தியாவிலிருந்து வந்தவர் என்று நினைத்தீர்களோ? அப்படியானால் இன்னும் நல்லது. 2023 டிசம்பர் 1 முதல் இந்தியக் குடிமக்கள் விசா இல்லாமல் 30 நாள் தங்கலாம். பாட்டி கொஞ்சம் கூடுதலாகத் தங்கிவிட்டார். இந்தியாவை அவர் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறார். பணக்கார அந்நியர்களுக்காக 2002இலிருந்து 'மலேசியா என் இரண்டாம் இல்லம்' என்று ஒரு திட்டம் இருக்கிறது. அதில் சேர்த்துவிடலாம் என்று பார்த்தால் வங்கியில் பெருந்தொகை போட வேண்டுமாம். தவிர, இரண்டாம் இல்லத்துக்கு மனுப் போட முதல் இல்லம் எங்கே என்று காட்ட வேண்டியிருக்கும். அங்கே மாட்டிக்கொள்வோம்.

பூங்காவுக்கு வருமுன் ஓர் இரவு லெங்கெங் பக்கம் ஆற்றோரக் கூடார முகாமில் தங்கினோம். இப்போது அதுதான் நாகரிகம். பக்கத்தில் ஒரு குடும்பம் கேரவனை நிறுத்தி, வெளியே கயிறு கட்டித் துணி காயப்போட்டு, ஆற்றில் குளித்து, விறகில் சமைத்து, மின்விளக்கை அணைத்துவிட்டு மண்ணெண்ணெய் விளக்கு மாதிரி ஒன்றை ஏற்றிவைத்திருந்தது. பாட்டி வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதுக்குக் காசு வேற குடுக்குதுங்களா?" ஆமாம் பாட்டி, ஒரு ராத்திரிக்கு இவ்வளவு என்றேன். தொகையைக் கேட்டதும் வாயில் கைவைத்தார். "நம்ம லயத்துல சும்மாவே குடுத்தானுங்க." வாழ்க்கையில் முதல்முறையாக அந்தப் பழைய துரைமேல் அவருக்கு ஒரு மரியாதை வந்ததைக் கண்டேன்.

அந்தக் காலத்தில் எங்களுக்கு இவ்வளவு ஏற்பாடு கிடையாது. தோட்டத்து லாரியில் ஏறினால் தெலுக் கெமாங் கடற்கரையில் இறக்கிவிடுவார்கள். சட்டி பானையோடு போவோம். கடல் யாரிடமும் ஐசி கேட்டதில்லை. அங்கிருந்து கொஞ்சம் தள்ளி தஞ்சோங் துவான் முனை இருக்கிறதே, கலங்கரை விளக்கம் உள்ள இடம், அது நாலு பக்கமும் நெகிரி செம்பிலானும் கடலும் சூழ உட்கார்ந்துகொண்டு இன்றுவரை மலாக்கா மாநிலத்தைச் சேர்ந்தது. இருப்பது ஓரிடம், பேர் வேறிடம். அந்தப் பாறையிடம் யாரும் இரண்டு கட்டணம் கேட்கவில்லை. பாறைக்குக் கிடைத்த சலுகை பாட்டிக்கும் கிடைக்குமா என்று தங்கள் மேலிடத்தில் கேட்டுச் சொல்ல வேண்டும்.

எங்கள் கோரிக்கை சிறியது. பாட்டி சுற்றுலாப் பயணிதான் என்று தாங்கள் உறுதியாக இருந்தால் அந்த மரியாதையை முழுசாகச் செய்யுங்கள். 2026க்கு விமான நிலையத்தில் வந்து இறங்குகிறவர்களுக்குச் செய்வதுபோல் கொம்பாங் அடித்து, மாலை போட்டு, கரடி பொம்மை கொடுத்து வரவேற்க வேண்டும். இல்லை, உள்ளூர்க்காரர் என்றால் அந்த ஒரு நாள் கூலியைத் திருப்பிக் கொடுங்கள். இரண்டும் இல்லாமல் காசு வாங்கும்போது அந்நியர், மாலை போடும்போது உள்ளூர் என்றால் அதற்கு வேறு பேர்.

தாங்கள் மின்னஞ்சலில் அனுப்பிய 'உங்கள் அனுபவம் எப்படி இருந்தது' படிவத்தைப் பாட்டியின் சார்பில் நிரப்பி அனுப்பியிருக்கிறேன். வெளிநாட்டவர் டிக்கெட் என்பதால் நாட்டுப் பட்டியலில் மலேசியா இல்லை. பாட்டியைக் கேட்டேன். "எதையாச்சும் போடுய்யா, நல்ல ஊரா போடு" என்றார். சுவிட்சர்லாந்து போட்டிருக்கிறேன். தங்கள் கணக்கில் சுவிஸ் நாட்டிலிருந்து மூக்குத்தி போட்ட மூதாட்டி ஒருவர் வந்து, தண்ணீரில் இறங்காமல், சம்பல் வதங்கவில்லை என்று புகார் செய்ததாகப் பதிவாகியிருந்தால் குழம்ப வேண்டாம்.

இப்படிக்கு,
மேற்படி பயணியின் உள்ளூர் வழிகாட்டி,
நெகிரி செம்பிலான்.