ஐந்து செக்கன் காவியம்

தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் நேரத்துக்குத் தொடங்கி நேரத்துக்கு முடிகிற பகுதி ஒன்றே ஒன்றுதான். அது தயாரித்த நிறுவனத்தின் இலச்சினை. இருட்டிலிருந்து ஓர் எழுத்து வரும், அதன்மேல் வெளிச்சம் வழுக்கிக்கொண்டு ஓடும், ‘டங்’ என்று ஒரு சத்தம், முடிந்தது. பின்னால் வருவது ‘கோலங்கள்’ என்றால் 2003இல் தொடங்கி 2009இல்தான் முடியும். அங்கங்களின் எண்ணிக்கை 1,500ஐயும் தாண்டும். அதற்குள் எங்கள் ஊரில் ஒரு பிள்ளை பிறந்து, பல் முளைத்து, ஏடு தொடக்கி, முதலாம் வகுப்புக்கும் போய்விடும்.

வல்வெட்டித்துறையில் என் மாமிக்கு இந்த உண்மை எப்போதோ விளங்கிவிட்டது. தொடர் ஓடும்போது கறிக்கு உப்புப் போடுவார், வேலிக்கு மேலால் கதைப்பார், கனடாவிலிருந்து வரும் அழைப்பையும் எடுப்பார். ஆனால் அந்த ஐந்து செக்கனுக்கு வீடு அசையக் கூடாது. “பொறு மோனை, கொம்பனிப் படம் போகட்டும்.” போன பிறகு என்ன நடந்தாலும் அவருக்குக் கவலையில்லை. இன்றைக்குப் பார்க்காததை நாளைக்கு ‘முன்கதை’ என்று அவர்களே திரும்பக் காட்டுவார்கள்.

2002இல் போர்நிறுத்தத்தில் பாதை திறந்து கேபிளும் டிஷ்ஷும் யாழ்ப்பாணத்துக்கு வந்த காலத்தில், மாமி இந்த நிறுவனங்களைச் சம்பந்தம் பேசும் குடும்பங்களை விசாரிப்பதுபோல விசாரித்து வைத்திருந்தார். முதலிடம் ராடானுக்கு. 1999இல் ‘சித்தி’யில் தொடங்கி ‘அண்ணாமலை’, ‘செல்வி’, ‘அரசி’, ‘செல்லமே’, ‘வாணி ராணி’ என்று இரவு ஒன்பதரையைத் தன் பேரில் எழுதி வைத்திருந்த நிறுவனம். அதன் சொந்தக்காரி ராதிகா எம். ஆர். ராதாவின் மகள் என்பதைத் தமிழ்நாடு அறியும். தாயார் கீதா இலங்கைத் தமிழர் என்பதுதான் மாமிக்கு முக்கியம். “அது எங்கட பிள்ளையடா” என்று சொல்லிவிட்டுத்தான் ஒவ்வொரு நாளும் கதிரையில் அமர்வார். ஒன்பதரைக்குப் பிறகு அந்தப் பிள்ளை எத்தனை பேரை அழவைத்தாலும் குற்றமில்லை.

விகடன் டெலிவிஸ்டாஸுக்கு இரண்டாமிடம். விகடன் என்றால் மாமிக்கு அந்தப் பத்திரிகையின் குடுமித் தாத்தாதான்; வயதானவர் பொய் சொல்லமாட்டார். ‘ஆனந்தம்’ எடுத்த சத்யஜோதி பெரிய இடம், படமெல்லாம் எடுத்த ஆக்கள். ‘மெட்டி ஒலி’யைத் தந்த சினி டைம்ஸ் மரியாதையான குடும்பம், ஐந்து பெண்பிள்ளைகளின் கதையைச் சொன்னது. 1945இல் தொடங்கிய ஏ.வி.எம். பழைய பணக்காரர், சின்னத்திரைக்கு இறங்கி வந்ததே பெருந்தன்மை. கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் என்றால் மட்டும் மாமிக்குக் கொஞ்சம் பயம். அது ‘மர்மதேசம்’ எடுத்த கொம்பனி. அதன் பெயரைப் பார்த்தால் மாமி முதலில் எழும்பிப் போய்ப் பின்கதவைப் பூட்டிவிட்டு வருவார்.

இந்த நிறுவனங்கள் தங்கள் பெயரை இவ்வளவு பெருமையாகக் காட்டுவதற்குக் காரணம் இருக்கிறது. சன் ரி.வி.யில் நெடுங்காலம் நடந்த ஏற்பாடு இது: தயாரிப்பாளர் கட்டணம் கட்டி அரைமணி நேரத்தை எடுப்பார்; தொடரைத் தன் செலவில் எடுப்பார்; இடையில் வரும் விளம்பர நேரத்தை விற்றுக் காசைத் தேடுவார். காசு கட்டி எடுத்த அரைமணியில் தன் பெயரை முதலில் காட்டாமல் விடுவாரா? இதை மாமிக்கு விளங்கப்படுத்தினேன். “அப்ப அந்த அஞ்சு செக்கன்தான் அவையின்ர சொந்தக் காணி. மிச்சமெல்லாம் சவர்க்காரக்காரனுக்கு ஈடு வைச்சது” என்றார். பொருளாதாரம் படித்தவர்கள் இதற்கு இரண்டு பக்கம் எழுதுவார்கள்.

எங்கள் ஊருக்கு இலச்சினைப் பைத்தியம் தொடர்களோடு வந்ததல்ல. இலங்கையின் ரூபவாஹினி 1982 பெப்ரவரியில் தொடங்கியது. ஆனால் வடக்குக் கரையில் இருந்த எங்களுக்குக் கொழும்பைவிட அக்கரைதான் கிட்ட. கமுகு மரத்தைத் தோற்கடிக்கும் உயரத்தில் அன்ரெனா நட்டு, பூஸ்டர் பூட்டி, கொடைக்கானலிலிருந்து வந்த தூர்தர்ஷனைக் கடலுக்கு மேலால் பிடித்தார்கள். காற்றுச் செத்துக் கடல் எண்ணெய்போலக் கிடக்கும் புழுக்க இரவில் படம் துல்லியமாக விழும். மற்ற நாட்களில் நிழல் தட்டி, தூர்தர்ஷனின் ஒற்றைக் கண் நாலு கண்ணாகத் தெரியும்.

அந்தக் கண்ணை வரைந்தவர் தேபாஷிஸ் பட்டாச்சார்யா, அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்து மாணவர். இரண்டு வளைவுகள் சுழன்று சுழன்று வந்து கண்ணாக அமரும். இசை பண்டிட் ரவிசங்கரும் ஷெனாய்க் கலைஞர் அலி அகமது ஹுசைன் கானும். உயர்ந்த இசைதான். ஆனால் முதல் தடவை கேட்ட எங்கள் அப்பு, சால்வையைத் தோளில் எடுத்துப் போட்டுக்கொண்டு, “ஆர் மோசம் போனது?” என்று கேட்டார். அமெரிக்காவின் சி.பி.எஸ். 1951இலிருந்து கண்ணைத்தான் வைத்திருக்கிறது. ரூபவாஹினியும் பிறகு தமிழுக்கென்று தந்த அலைவரிசைக்கு ‘நேத்ரா’ என்று பெயர் வைத்தது. நாங்கள் ரி.வி. பார்க்கிறோமா, ரி.வி. எங்களைப் பார்க்கிறதா என்று அப்புவுக்குக் கடைசிவரை சந்தேகம்.

1990க்குப் பிறகு போரில் மின்சாரமே இல்லை. பொருளாதாரத் தடையில் பெற்றோல் தங்கமாகிவிட்டது. கார்புரேற்றருக்குள் நாலு துளி பெற்றோலை விட்டு ஜெனரேற்றரை முழிக்கப்பண்ணி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி, டெக்கில் படம் போடுவார்கள். மண்ணெண்ணெயும் யானைவிலை என்பதால் டெக்காரர் தொடக்கத்தை ஓடவிட்டுக் கதைக்கு நேரே போகப் பார்ப்பார். அங்கேதான் பிரச்சினை. ஜெமினியின் இரட்டைக் குழந்தைகள் ஊதி முடிக்கும் முன் ஓட்டினால் சின்னப் பிள்ளைகள் அழும். கவிதாலயாவின் வள்ளுவரை ஓட்டினால் பெரியவர்கள் எழும்புவார்கள். “வள்ளுவரை ஓட்டிப்போட்டு என்ன படம் பாக்கிறாய்? திருப்பு.” திருப்புவதற்கும் மண்ணெண்ணெய் செலவு. கடைசிக் காட்சியில் கதாநாயகி உயிர் பிழைத்தாளா என்று தெரியமுன் ஜெனரேற்றர் இருமி நின்றுவிடும். யாருமே கவலைப்படமாட்டார்கள். வள்ளுவரை முழுதாகப் பார்த்தாயிற்று.

இது எங்கள் கிறுக்கு மட்டும் என்று நினைத்திருந்தேன். அமெரிக்கர்கள் எங்களையும் தாண்டியவர்கள். ஸ்கிரீன் ஜெம்ஸ் நிறுவனம் 1965இலிருந்து தொடர்களின் முடிவில் காட்டிய ‘எஸ்’ எழுத்தையும் அதன் மின்னிசையையும் கண்டு பயந்து, வளர்ந்த பிறகும் அந்தப் பயம் தீராதவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி ரோட்னி ஆஷர் என்ற இயக்குநர் 2010இல் குறும்படமே எடுத்தார். எங்கள் பிள்ளைகள் ஹெலிச் சத்தம் கேட்டு பங்கருக்குள் ஓடி வளர்ந்தவர்கள். ஓர் எழுத்துக்குப் பயப்படும் வசதி அவர்களுக்கு வாய்க்கவில்லை.

எம்.ரி.எம். நிறுவனத்தின் கதை இன்னும் அருமை. நடிகை மேரி டைலர் மூரும் கணவர் கிராண்ட் ரிங்கரும் 1969இல் தொடங்கினார்கள். மெட்ரோ கோல்ட்வின் மேயர் சிங்கத்தைக் கர்ச்சிக்க விட்டால், இவர்கள் மிம்சி என்ற பூனைக்குட்டியை ‘மியாவ்’ சொல்ல விட்டார்கள். பொலிஸ் தொடருக்குப் பூனையின் தலையில் பொலிஸ் தொப்பி. துப்பறியும் தொடருக்கு ஷெர்லக் ஹோம்ஸ் தொப்பியும் சுங்கானும். ‘செயின்ட் எல்ஸ்வேர்’ என்ற ஆஸ்பத்திரித் தொடர் 1988இல் முடிந்தபோது பூனையைக் கட்டிலில் கிடத்தி, இதயத் துடிப்புக் கோடு நேராகப் போவதையும் காட்டிவிட்டார்கள். மாமிக்கு இதைச் சொன்னேன். “ஒரே நாளில சாக விட்டிட்டாங்களே? எங்கட கொம்பனி எண்டால் அந்தப் பூனை ஆறு வருஷம் கோமாவில கிடந்திருக்கும்” என்றார்.

எங்கள் பக்கத்திலும் தயாரிப்பு நிறுவனங்கள் உண்டு. கலியாண வீடும் சாமத்திய வீடும் எடுக்கிற வீடியோக் கடைகள். எனக்குத் தெரிந்த கடை ஒன்றின் முதல் இலச்சினை, மட்டையில் கையால் எழுதிய பெயரும் பக்கத்தில் ஒரு செவ்வரத்தம் பூவும். ஒரு கொப்பியில் பூவின்மேல் எறும்பு ஊர்வது தெரியும். அசையும் இலச்சினை எங்கள் ஊரில் அப்படித்தான் தொடங்கியது. கம்பியூட்டர் வந்த பிறகு பூமி சுழன்றது; அதில் யாழ்ப்பாணக் குடாநாடு ஆபிரிக்காவைவிடப் பெரிதாக இருந்தது. பிறகு மின்னல், பருந்து, நெருப்பெழுத்து. ட்ரோன் வந்ததும் ஊர்க் கடற்கரைக்கு மேலால் பருந்தே பறந்து வந்தது.

மச்சாளின் மகளின் கலியாண வீடியோ வந்தது. ஸ்காபரோவில் ஒரு கூட்டமும் இங்கே ஒரு கூட்டமுமாகப் பார்த்தோம். பூமி சுழன்றது, பருந்து கத்தியது, மாப்பிள்ளை வந்தார், கூறைச் சேலை மாற்றப் பெண் போனாள், கெட்டிமேளம் உச்சத்துக்கு ஏறியது. திடீரென்று மறுபடி பூமி, மறுபடி பருந்து. அது போனபோது தாலி கழுத்தில் இருந்தது. கடைக்குப் போன் எடுத்தேன். “அந்த நேரம் கமராவுக்குப் பற்றரி மாத்தினனாங்கள் அண்ணை. இடைவெளி தெரியக் கூடாதெண்டு லோகோவைப் போட்டு மறைச்சனாங்கள்.” அக்னி சாட்சி கேள்விப்பட்டிருக்கிறோம். இது பருந்து சாட்சி. மாமி மட்டும், “பரவாயில்லை, கொம்பனிக்காரன் ரெண்டு தரம் போட்டிருக்கிறான்” என்று திருப்தியாக இருந்தார்.

இப்போது மாமியின் பேரன் யூரியூப்பில் தொடர் எடுக்கப்போகிறான். கதை, நடிகர், காசு ஒன்றும் இல்லை. ஆனால் இலச்சினை தயார். தைப்பொங்கலன்று உதயசூரியன் கடற்கரையில் ஏற்றுவார்களே, அப்படியான பெரிய பட்டம் ஒன்று விண் கூவிக்கொண்டு கடலிலிருந்து எழும்பும். வாலில் நிறுவனத்தின் பெயர். வெளியீட்டு விழாவுக்கு வடையும் தேத்தண்ணியும் இருந்தன. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மாமி பார்த்தார். திருப்பிப் போடச் சொல்லிப் பார்த்தார்.

“எப்பிடி இருக்கு அம்மம்மா?”

“வடிவாயிருக்கு மோனை. இதோட நிப்பாட்டு. மேற்கொண்டு கதை வந்தால் பழுதாப் போகும்.”