இரண்டு பாஷைக்காரன்

துபாஷ் என்பது ஆங்கிலச் சொல் என்றால் இன்றைக்கு ஆங்கிலேயரே நம்பமாட்டார். 1886-இல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியில் ஜம்பமாக உட்கார்ந்திருக்கிறது. இரண்டு பாஷை தெரிந்தவன் என்று பொருள், நம்மூரில் துபாசி. ஆனால் வெள்ளைக்கார வியாபாரிக்குப் பேச்சை மாற்றிச் சொன்னவனே தரகும் பேசினான், பணத்தையும் எண்ணினான். பம்பாய்ப் பார்சிகளிடம் அது குடும்பப் பெயராகவே ஒட்டிக்கொண்டது.

புதுச்சேரியில் துபாஷ் என்றால் ஆனந்தரங்கப் பிள்ளைதான். பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேயிடம் இருந்தவர். 1736 முதல் 1761-இல் சாகும்வரை நாட்குறிப்பு எழுதியவர். 'ஆனந்தப் புரவி' என்று சொந்தக் கப்பலே வைத்திருந்தார். அவர் மாளிகைக்குக் கூப்பிடு தூரத்தில், பெரிய மார்க்கெட் மீன் பக்கம், போன மாதம் நானும் அரை மணி நேரம் துபாஷாக இருந்தேன்.

பாரிசிலிருந்து அக்கா மகன் தன் பிரெஞ்சு மனைவியோடு முந்தின நாள்தான் வந்திறங்கியிருந்தான். அவளுக்கு மீன் வாங்க வேண்டும். எனக்குத் தெரிந்த பிரெஞ்சு, பிரெஞ்சுப் பட்டாளத்துச் சொல்தா தாத்தா விட்டுப்போன சொத்து. அதில் பாதி அணிவகுப்புக் கட்டளை. அவள் வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கிப் பார்த்தாள்.

"இன்னாண்ணே, மீனுக்கு வைத்தியம் பாக்குதா இது? வாங்கற மூஞ்சியாவே தெரியலயே!" என்றார் மீன்காரம்மா.

"உனக்கு மீனைப் பற்றி நல்ல ஞானம் என்கிறார்" என்று பிரெஞ்சில் சொன்னேன். சிரித்தாள். பிறகு, ஆயிரம் ரூபாய் அநியாயம், மீனும் நேற்றையது என்றாள்.

"உன் முகத்துல லட்சுமி கடாட்சமாம், எண்ணூறுன்னா எடுத்துக்கிறாளாம்" என்றேன் தமிழில்.

பேரம் படிந்தது. எனக்குத் தனியாக ஒரு கை நெத்திலி விழுந்தது. பிள்ளைக்குக் கப்பல், எனக்கு நெத்திலி, காலம் அப்படி.

ஆட்டோவில் ஏறியதும் அவள் தமிழில் சொன்னாள்: "செவுளு செவப்பா இருக்கான்னு பாக்கச் சொன்னதே அத்தைதான், மாமா."

நாட்குறிப்பில் பிள்ளை துய்ப்ளேயின் மனைவியைப் பற்றி ஏன் அவ்வளவு புலம்பினார் என்பது எனக்கு அந்த ஆட்டோவில்தான் விளங்கியது. மதாம் புதுச்சேரியிலேயே பிறந்தவர். தமிழ் தெரியும்.

நெத்திலிப் பையை மெல்ல அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன்.