20050 ரூபாய் தம்மடை

கேள்வி: வீட்டில் சுடும் தம்மடைப் பலகாரத்தை விற்க நானே வலைப்பக்கம் எழுதினேன். விலை 200, கூரியர் 50 என்று கட்டங்களில் அடித்தால் மொத்தம் 20050 என்கிறது! 200இல் 20 ரூபாய் தள்ளுபடி போட்டால் மட்டும் 180 என்று சரியாக வருகிறது. ஏன்?
– ஒரு வாசகி, காயல்பட்டினம்

பதில்: அந்த விலைக்கு ஆள் கிடைத்தால் எதையும் திருத்தாதீர்கள்!

கட்டத்தில் என்ன எண்ணை அடித்தாலும் ஜாவாஸ்கிரிப்ட் கைக்கு அது வெறும் எழுத்தாகத்தான் போய்ச் சேரும். எழுத்துகளுக்கு நடுவே கூட்டல் குறி வந்தால் ஒட்டிவிடும். கழித்தல் குறிக்கு ஒட்டத் தெரியாது. வேறு வழியின்றி எண்ணாக மாற்றிக் கழிக்கும். தள்ளுபடி சரியாக வருவதுதான் ஆளை ஏய்க்கிறது. கோளாறு கூரியரில் என்று ராத்திரி முழுக்கத் தேடியிருப்பீர்களே?

இரண்டு மதிப்பையும் தனித்தனியே 'நம்பர்' ஃபங்ஷனுக்குள் போட்டுவிட்டுக் கூட்டுங்கள், 250 வரும். அதன் முதல் எழுத்து பெரிய எழுத்து. சின்ன எழுத்தில் அடித்தால் பக்கம் வாயே திறக்காது. எஃப்12 அழுத்தி கன்சோலைப் பாருங்கள், வரி எண்ணோடு சிவப்பில் திட்டியிருக்கும். புதிதாக எழுதுகிறவர்கள் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதே இல்லை.

1995இல் பிரெண்டன் ஐக் இந்த மொழியின் முதல் வடிவத்தைப் பத்தே நாளில் முடித்தார். அவசரத்தில் சுட்டால் தம்மடையும் இப்படித்தான்.

அடுத்து, அரபு எழுத்தில் தமிழை எழுதும் அரபுத்தமிழில் ஒரு பக்கம் போடுவதாக இருந்தால், எச்டிஎம்எல்லில் டிஐஆர் என்பதற்கு ஆர்டிஎல் என்று கொடுங்கள். வரி வலமிருந்து ஓடும். பயப்படாதீர்கள், 250 அப்போதும் 052 ஆகாது.