ஆணி எண்ணும் வீட்டுக்காரர்

வாடகைக்கு ரசீது கேட்டால் மறதிக்கு ஆளாகிவிடும் சென்னை வீட்டுக்காரர், குடியிருந்தவர் காலி செய்யும் நாளில் மட்டும், சுவரில் முன்பு எத்தனை ஆணி இருந்தது, பின்பு எத்தனை முளைத்தது என்பதைக் கல்வெட்டு ஆய்வாளரின் நிதானத்தோடு எடுத்துரைக்கும் ஆற்றல் பெறுகிறார். ஆய்வு கூடத்தில் தொடங்கும். காலண்டர் தொங்கிய ஆணியைச் சுற்றியுள்ள விரிசலைக் கைபேசி வெளிச்சத்தில் நோக்கி, ‘இது முன்னாடி இல்லையே’ என்பார். அவ்விரிசல் மேலேறி மாடியில் அவருடைய வீட்டுக்குள்ளேயே நுழைந்திருப்பதை எவரேனும் சுட்டினால், அதற்கும் அந்த ஆணியே காரணம் என்று முடிவுகட்டுவார். அடுப்படியில் தாளிப்புக் கறை, குளியலறையில் உப்புநீர்ப் படிவு, நிலையில் குழந்தையின் உயரம் குறித்த பென்சில் கோடு என ஒவ்வொன்றிலும் சற்று நின்று பெருமூச்சு விட்டபின், இவை எதையும் கணக்கில் கொள்ளாமல், ‘பெயிண்டிங்குக்கு ஒரு மாச வாடகை’ என்று அட்வான்ஸில், அதாவது குடிவருமுன் பிணையாக வாங்கி வைத்த தொகையில், கழித்துக்கொள்வார். அப்படியானால் ஆணிகளை எண்ணியது எதற்கு என்பது தனி ஆய்வுக்குரியது.

2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும், வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் ஆகிய இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் வரையறுக்கும் 2017ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, சுவருக்கு வெள்ளையடிப்பதையும் கதவு ஜன்னலுக்கு வர்ணம் பூசுவதையும் உரிமையாளர் தலையிலும், குழாய் வாஷர், ஸ்விட்ச், உடைந்த ஜன்னல் கண்ணாடி போன்ற சில்லறைப் பழுதுகளைக் குடியிருப்பவர் தலையிலும் வைக்கிறது. பிணைத்தொகை மூன்று மாத வாடகையைத் தாண்டலாகாது என்றும் அச்சட்டம் கூறுகிறது. ஆனால் வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொண்டால் தாண்டலாம் என்று திறந்து வைத்த சிறு கதவின் வழியாகப் பத்து மாத அட்வான்ஸ் இன்றும் நகருக்குள் தாராளமாக நடமாடுகிறது.

வீட்டுக்காரர், மரத்தில் காய்த்த முருங்கையைக் கீழ்வீட்டுக்கும் அனுப்புபவர், குடியிருப்பவருக்குக் காய்ச்சல் என்றால் கஷாயத்தோடு படியிறங்கி வருபவர் என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் பெயிண்டிங்குக்கென்று பிடித்த பணத்தில் பெயிண்டிங் நடப்பதில்லை என்பதே உண்மை. எஞ்சிய தொகையைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள் திருப்பித்தர வேண்டும் என்று சட்டம் சொல்ல, அவரோ ‘அடுத்த ஆள் வரட்டும், வாங்கித் தர்றேன்’ என்கிறார். ஆகவே அந்த அடுத்த ஆளைத் தேடி அலைவதும், பார்க்க வருபவரிடம் அதே விரிசல் சுவரைப் புகழ்ந்து பேசுவதும் வெளியேறுபவரின் பொறுப்பாகிவிடுகின்றன.