கடன்கார நாயகர்கள்

என் தம்பி மகள் சித்தூரில் உட்கார்ந்துகொண்டு ஷெர்லக் ஹோம்ஸ் கதை எழுதுகிறாள். ஹோம்ஸுக்கு ஒருநாள் துப்பறியும் மூளை மழுங்கிவிடுகிறது. வாட்சன் சொட்டச் சொட்ட நனைந்து வந்து நிற்க, "வெளியே மழையா?" என்று கேட்கிறார். வாட்சனுக்கு அழுகை வந்துவிடுகிறது. ரசஞ்சோறு பிசைந்து ஊட்டாத குறைதான்.

"இதுக்குப் பேரு ஃபேன் ஃபிக்‌ஷன், பெரியப்பா. பெரிய ஆள்கிட்ட இருக்கிற ஒண்ணே ஒண்ணைப் பிடுங்கிட்டா, எல்லாருக்கும் அவர்மேல பாசம் வந்துடும்" என்றாள், ஏதோ லண்டன் சரக்கு போல.

திருப்பதிச் சீமையில் பிறந்துவிட்டு இப்படிப் பேசலாமா? முனிவர்கள் சாபத்தால் தன் பலமே தனக்கு மறந்துபோன அனுமன், திருமலை அஞ்சனாத்ரியில்தான் பிறந்தார் என்று 2021 ஸ்ரீராம நவமியன்று தேவஸ்தானம் அறிவித்தது. ஹம்பிக்காரர்கள் ஒப்பவில்லை. அந்த வழக்கு நமக்கெதற்கு?

மலைமேல் நிற்கும் பெருமாளைப் பார்ப்போம். மார்பில் உதைத்த பிருகு முனிவரின் காலைப் பிடித்துவிட்டார். கோபித்துக்கொண்டு லட்சுமி கோலாப்பூர் போய்விட்டாள். செல்வத்தின் கணவர் கையில் காலணா இல்லை. குடியிருப்பு ஒரு புற்று. புற்றில் பால் சொரிந்த பசுவுக்கு ஓங்கிய கோடாலி இவர் தலையில் விழுந்தது. ஆறுதல் சொல்ல வளர்ப்புத் தாய் வகுளமாதேவி வரவேண்டியிருந்தது. பத்மாவதி கல்யாணத்தைப் பேசி முடிக்க இவரே குறத்தி வேஷம் கட்டி நாராயணவனத்தில் குறி சொன்னார். எல்லாம் தெரிந்தவருக்கு அது ஒன்றுதான் கைவந்த வேலை. கல்யாணச் செலவுக்குக் குபேரனிடம் கடன். பிரம்மாவும் சிவனும் சாட்சி. போதாதென்று ஓர் அரசமரமும். மும்மூர்த்திகளில் ஒருவருக்கு மற்ற இருவர் சாட்சி சொல்லியும் மரம் கேட்கிறான் குபேரன் என்றால், அவனல்லவா வட்டிக்கடைக்காரன்!

இந்தக் கதையைக் கட்டியவர் பலே ரசிகர். வசதியான சாமிக்கு நாம் என்ன செய்ய முடியும்? கடன்பட்ட சாமி என்றால் மஞ்சள் துணியில் காசு முடிந்துவைத்து, வரிசையில் நின்று, வட்டி கட்டிவிட்டு வருகிறோம். தேவஸ்தானத்தின் 2025-26 பட்ஜெட் 5,258 கோடி ரூபாய். ஹோம்ஸின் மூளைக்காக யாராவது மொட்டை போட்டதுண்டா?

அந்த வட்டிக் காசை அளக்கும் வேலை பெருமாளின் அண்ணன் கோவிந்தராஜருக்காம். அளந்து அளந்து அலுத்துப்போய், மரக்காலையே தலைக்கு வைத்துப் படுத்துவிட்டார் என்பார்கள். கீழ்த்திருப்பதி ரயிலடிக்குப் பக்கத்தில்தான் கோயில். போனால் சேவித்துவிட்டு வாருங்கள். அசல் எவ்வளவு பாக்கி என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.