அணைச்சிட்டுப் போடுங்க சார்

உலகத்தின் ஆகப் பெரிய தொழில்நுட்பக் கம்பெனிகள் எல்லாம் சேர்ந்து நமக்குக் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கும் ஒரே மருந்து, அணைத்துவிட்டுத் திரும்பப் போடுவது. அதற்கு மசியாவிட்டால் இணைப்பை ‘மறக்க’ச் சொல்லி மறுபடி இணைக்க வேண்டும். அதற்கும் மசியாவிட்டால் எல்லாவற்றையும் அழித்து, கடையிலிருந்து வந்த அன்றைய நிலைக்குக் கொண்டுபோக வேண்டும். நான்காவதாக ஒரு யோசனை அநேகமாக எந்தக் கம்பெனியின் உதவிக் குறிப்பிலும் இல்லை. இருந்தால் அது ‘எங்களைத் தொடர்புகொள்ளுங்கள்’ என்றிருக்கும். தொடர்புகொண்டால் முதல் மூன்றையும் முதலிலிருந்து செய்யச் சொல்வார்கள்.

நாம் கேட்டது என்ன? கையில் கட்டியிருக்கும் ஸ்மார்ட்வாட்சில் பாட்டு இருக்கிறது. மூலையில் புளூடூத் ஸ்பீக்கர் இருக்கிறது. உடற்பயிற்சி செய்யும் முக்கால் மணி நேரம் அந்தப் பாட்டும், ‘இன்னும் முப்பது நொடி’, ‘இப்போது ஓய்வு’ என்று வாட்ச் சொல்லும் சேதியும் அந்த ஸ்பீக்கரில் கேட்க வேண்டும். இரண்டும் விற்பனைக்கு வந்த சாமான். இரண்டின் பெட்டியிலும் அதே நீலச் சின்னம். இரண்டுக்கும் பணம் வாங்கியாயிற்று.

நடப்பது என்ன? ஸ்பீக்கரின் பொத்தானை நகம் வலிக்க அழுத்திப் பிடித்தால் நீல விளக்கு பதறிப் பதறி மினுக்குகிறது. ‘தி புளூடூத் டிவைஸ் இஸ் ரெடி டு பேர்’ என்று ஒரு அம்மணி அறிவிக்கிறார். அந்தக் குரல் கேட்காத வீடு நம் ஊரில் அநேகமாக இல்லை. வாட்சின் குட்டித் திரையை வியர்த்த விரலால் தேய்க்கிறோம். திரை விரலை மதிக்கவில்லை. பனியனில் துடைத்துக்கொண்டு மறுபடி தேய்க்கிறோம். ஸ்பீக்கரின் பெயர் வருகிறது, தொடுகிறோம், வட்டம் சுற்றுகிறது. அதற்குள் பக்கத்து அறையில் சார்ஜில் கிடக்கும் போன் முந்திக்கொண்டு ஸ்பீக்கரைப் பிடித்துவிடுகிறது. போனில் புளூடூத்தை அணைத்தால் வாட்ச் அநாதையாகிவிடும். பாட்டை முன்கூட்டியே வாட்சுக்குள் இறக்கி வைக்காதவனுக்கு அன்றைய சங்கீதம் அத்தோடு முடிந்தது. இறக்கி வைத்த புத்திசாலிக்குப் பாட்டு வரும், பயிற்சிச் சேதி வராது. பல வாட்சுகளில் அந்தச் சேதிக்குக் காதில் மாட்டும் ஹெட்போனோ போனோ மட்டும்தான் வழி. இது கையேட்டில் யாரும் எட்டாத ஒரு பத்தியில் இருக்கும். சேதியும் வரவழைத்துவிட்டால், ஒவ்வொரு சேதிக்கும் பாட்டு அமுங்கும், பிறகு எழுந்திருக்க மறந்துவிடும்.

இந்த உதவிக் குறிப்புகளில் நான் ரசித்துப் படிப்பது உடம்பைப் பற்றிய பகுதி. புளூடூத் ஓடுவது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில். வைஃபையும் மைக்ரோவேவ் அடுப்பும் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும் இடம் அது. நெரிசலைச் சமாளிக்க, பாட்டைச் சுமக்கும் பழைய வகைப் புளூடூத் 79 தடங்களுக்கிடையே நொடிக்கு 1600 முறை தாவுகிறது. மெய்யாகவே அழகான பொறியியல். வடிவமைத்தவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் நொடிக்கு 1600 தாவல் தாவும் அந்த அலைக்கு ஒரு மனிதனின் வயிற்றைத் தாண்டத் தெம்பில்லை. உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர். தண்ணீர் அந்த அலையைக் குடித்துவிடும். ஆகவே குறிப்பு சொல்கிறது: வாட்சை மறு கையில் கட்டிப் பாருங்கள், வாட்சுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே உடம்பு வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். உடம்பில் கட்டு என்று விற்ற சாமானுக்கு உடம்பு இடைஞ்சலாம். உடற்பயிற்சிக்கு என்று விளம்பரம் செய்த சாமானுக்கு ஆள் அசைவது ஆகாதாம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவர்கள் கூடத்தை விட்டுவிட்டு வாங்கினவனையே கோணல் என்கிறார்கள்.

ஒரு கம்பி இருந்தது. ஒரு முனை இங்கே, மறு முனை அங்கே. செருகினால் பாடும், பிடுங்கினால் நிற்கும். அதன் பூர்வீகம் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொலைபேசி இணைப்பகம். அதைச் செருக யாரும் ஆப் இறக்கவில்லை, கடவுச்சொல் போடவில்லை, விதிமுறைகளை ஏற்கிறேன் என்று டிக் அடிக்கவில்லை. 2016 செப்டம்பரில் ஐபோன் 7-லிருந்து ஆப்பிள் அந்தக் கம்பியைச் செருகும் ஓட்டையை அடைத்தது. ஏன் என்பதற்கு மேடையில் அந்தக் கம்பெனியின் ஃபில் ஷில்லர் சொன்ன காரணங்களில் ஒன்று ‘துணிச்சல்’. அதே நாளில், அதே மேடையில், கம்பியில்லாத ஏர்பாட்ஸ் 159 டாலருக்கு அறிமுகமானது. அடுத்தவன் வீட்டுக் கதவை அடைத்துவிட்டு ஜன்னலுக்கு டிக்கெட் போடுவதற்கு நிஜமாகவே துணிச்சல் வேண்டும். கேலி செய்து விளம்பரம் எடுத்த போட்டிக் கம்பெனிகளும் பின்னாலேயே போய்த் தங்கள் விலை உயர்ந்த போன்களில் ஓட்டையை அடைத்தன.

வாட்ச் விஷயத்தில் இன்னொரு தமாஷ். ஆப்பிள் வாட்ச் 2015 ஏப்ரலில் கடைக்கு வந்தபோதே அதற்குள் ஒரு சின்ன ஸ்பீக்கர் இருந்தது. போன் வந்தால் பேசும், குரல் உதவியாளர் ‘சிரி’ பேசும், அலாரம் அடிக்கும். பாட்டு மட்டும் பாடாது. புளூடூத்தில் எதையாவது இணைத்துவிட்டு வா என்று திருப்பி அனுப்பும். வாட்சின் ஸ்பீக்கரிலேயே பாட்டுக் கேட்கலாம் என்ற வரம் 2024 செப்டம்பரில், பத்தாம் வரிசை வாட்சோடு, புதுச் சிறப்பம்சமாக அறிவிக்கப்பட்டது. வாயிருந்தும் பாடாத வாட்சை ஒன்பது வருஷம் கட்டிக்கொண்டு திரிந்தவர்கள் அதற்கும் கைதட்டினார்கள்.

சரி, கோளாறு வந்துவிட்டது. யாரைக் கேட்பது? வாட்ச் ஒரு கம்பெனி, போன் ஒரு கம்பெனி, ஸ்பீக்கர் ஒரு கம்பெனி, பாட்டு ஆப் இன்னொன்று. பெயர் வேண்டாம், வாட்ச் விற்றவர்களின் கஸ்டமர் கேரில் ஒரு பையனோடு நான் பேசியது இது:

“சார், ஸ்பீக்கர் எந்தக் கம்பெனி சார்?”

“வேற கம்பெனி தம்பி.”

“அப்போ அது தேர்டு பார்ட்டி சார். நம்ம சைடுல இஷ்யூ எதுவும் காட்டல.”

“எந்தப் புளூடூத் ஸ்பீக்கரோடயும் சேரும்னு நீங்கதானேப்பா பெட்டியில போட்டிருக்கீங்க?”

“கனெக்ட் ஆகுதுங்களா சார்?”

“ஆகுது. சத்தம்தான் வரல.”

“கனெக்ட் ஆகுதுன்னா வாட்ச் ஓகே சார். வேற ஏதாவது உதவி வேணுங்களா?”

ஸ்பீக்கர் கம்பெனியைக் கேட்டால் போனோடு சேர்த்துப் பார்க்கச் சொன்னார்கள். போனோடு சேர்த்தால் பாடியது. ‘பாத்தீங்களா, ஸ்பீக்கர் ஓகே’ என்றார்கள். எல்லாச் சாமானும் ஓகே. தனித்தனியாகச் சோதித்தால் எல்லாம் நூற்றுக்கு நூறு. ஆக, மிச்சம் இருக்கும் பழுதான பொருள் வாடிக்கையாளர்தான்.

அந்தத் தம்பி மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் முன்னால் ஒரு திரை, அதில் படிக்க வேண்டிய வாசகம், மூலையில் ஒரு அழைப்பை எத்தனை நிமிஷத்தில் முடித்தார் என்று எண்ணும் கடிகாரம். அவர் கையிலும் ஏதோ ஒரு வாட்ச் இருக்கும், அதுவும் ஸ்பீக்கரோடு சேராது. கோபமெல்லாம் அந்த வாசகத்தை எழுதிக் கொடுத்துவிட்டு, அதைத் தாண்டிப் பேச ஆளே இல்லாமல் பார்த்துக்கொண்டவர்கள் மேல். ரிச்சி தெருவில் ஒரு கடைக்காரர் ஸ்பீக்கரைத் திருப்பிப் பார்த்து, “ஆக்ஸ் இருக்குதே, ஒயர் போட்டுக்குங்க, அம்பது ரூவா” என்றார். வாட்சைக் காட்டினேன். ஓட்டை எங்கே என்று தேடினார். சிரித்துவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போனார். இந்த விவகாரத்தில் என்னிடம் நேர்மையாக நடந்துகொண்ட ஒரே நிபுணர் அவர்தான்.

முன்பெல்லாம் டிவி கெட்டால் மெக்கானிக் பையோடு வருவார், கூலி கொடுப்போம். இப்போது மெக்கானிக் நாம், கூலி பூஜ்யம், பயிற்சிக் கட்டணம் நம் ஞாயிற்றுக்கிழமை. சோதனைக்கூடத்தை நம் வீட்டுக் கூடத்துக்கு மாற்றிவிட்டார்கள். வெவ்வேறு கம்பெனிச் சாமான்கள் ஒன்றோடொன்று சேர்ந்து ஓடுகிறதா என்று விற்பதற்கு முன்னால் பார்க்கச் சம்பளத்துக்கு ஆள் வேண்டும். விற்ற பிறகு பார்க்க நாம் இருக்கிறோம். எந்த அப்டேட்டில் கெட்டது, எந்த செட்டிங்கை மாற்றினால் தேறும் என்று தலைமுடியைப் பிய்த்துக்கொண்டு கண்டுபிடித்து ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதும் நாம்தான். அதிலும் அநியாயம், இந்த வாட்ச் என் இதயம் நள்ளிரவில் எத்தனை முறை துடித்தது என்று கணக்கு வைத்திருக்கிறது. ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் எழுந்து நில் என்று மணிக்கட்டில் தட்டுகிறது. தன் இணைப்பு எத்தனை முறை அறுந்தது என்ற கணக்கை மட்டும் நம்மிடம் காட்டாது. அது பயன்பாட்டுத் தகவல் என்ற பெயரில் கம்பெனிக்கு நேராகப் போய்விடும்.

பணம் அதிகம் கொடுத்தால் தப்பிக்கலாம் என்று நினைக்கிறவர்கள் சோனோஸ் கதையைக் கேட்க வேண்டும். வீட்டு ஸ்பீக்கரில் பேர்போன, விலையிலும் பேர்போன கம்பெனி. 2024 மே மாதம் பழைய ஆப்பைத் தூக்கிவிட்டுப் புதியதை இறக்கியது. அலாரம், தூங்குநேரக் கெடு போன்ற சாதாரண வசதிகளே காணாமல் போயின. பார்வையற்றவர்கள் திரைவாசிப்பானை வைத்து இயக்கிக்கொண்டிருந்த வழியும் சீர்குலைந்தது. வீட்டில் அதே ஸ்பீக்கர், அதே சுவர், அதே மின்சாரம். நேற்று பாடியது இன்று பாடவில்லை. மன்னிப்புக் கேட்ட தலைமை நிர்வாகி பேட்ரிக் ஸ்பென்ஸ் 2025 ஜனவரியில் பதவியை விட்டுப் போனார். இதே கம்பெனி அதற்கு முன்னால் ஒரு தள்ளுபடித் திட்டம் வைத்திருந்தது: பழைய ஸ்பீக்கரை ‘மறுசுழற்சி நிலை’யில் போட்டால் புதியதில் 30 சதவீதம் குறைப்பு. அப்படிப் போட்ட ஸ்பீக்கர் 21 நாளில் நிரந்தரமாகச் செத்துவிடும். நன்றாகப் பாடிக்கொண்டிருப்பதைக் கொல்வதற்கு மறுசுழற்சி என்று பெயர். ஊர் திட்டியதும் 2020-ல் கைவிட்டார்கள். உலகம் 2022-ல் மட்டும் 6.2 கோடி டன் மின்னணுக் குப்பையைக் கொட்டியது என்று ஐ.நா. அறிக்கை சொல்கிறது. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சிக்குப் போனதாகக் கணக்கில் உள்ளது நாலில் ஒரு பங்குகூட இல்லை.

ஃபிட்பிட் செய்தது இன்னும் சுத்தமான வேலை. பாட்டை உள்ளே சேமித்து, போன் இல்லாமல் ஓடலாம் என்று சொல்லி விற்ற வாட்சுகள். 2021-ல் கூகுள் அந்தக் கம்பெனியை வாங்கி முடித்தது. 2023 மார்ச் இறுதியில், கணினியிலிருந்து வாட்சுக்குப் பாட்டு ஏற்றும் வசதியை நிறுத்தினார்கள். வாட்ச் கையில் இருக்கிறது, சேமிக்கும் இடம் வாட்சில் இருக்கிறது, சொந்தப் பாட்டு நம்மிடம் இருக்கிறது, ஏற்றும் வழி மட்டும் இல்லை. வீட்டுக்குள் வந்து அலமாரியிலிருந்து ஒரு பொருளை எடுத்துப்போனால் திருட்டு, போலீஸ் வரும். காற்று வழியாக வந்து எடுத்துப்போனால் அப்டேட்.

வாட்சையும் ஸ்பீக்கரையும் ஒரே கம்பெனி செய்தால் சரியாகிவிடுமோ? அதையும் பார்த்தாயிற்று. ஜாபோன் 2010-ல் ஜாம்பாக்ஸ் என்ற புளூடூத் ஸ்பீக்கரையும் மறு வருஷமே அப் என்ற உடற்பயிற்சிப் பட்டையையும் கொண்டுவந்தது. ஒரு காலத்தில் 300 கோடி டாலருக்கு மேல் மதிப்பிடப்பட்ட அந்தக் கம்பெனி 2017-ல் கலைப்புக்குப் போனது. அதன் பட்டையைக் கட்டியிருந்தவர்களுக்கு அணைத்துவிட்டுப் போடச் சொல்லக்கூட ஆள் இல்லாமல் போயிற்று.

இப்போது புதுசாகச் செயற்கை நுண்ணறிவு உற்சாகம் வந்திருக்கிறது. ஓடும்போது நம் புள்ளிவிவரத்தைப் பார்த்து ‘சபாஷ்’ போடும் ‘ஒர்க்கவுட் பட்டி’ (Workout Buddy). 2025-ல் ஆப்பிள் அறிவித்தபோது போட்ட நிபந்தனைகள்: புளூடூத் ஹெட்போன் வேண்டும், பக்கத்தில் ஆப்பிள் இன்டெலிஜென்ஸ் ஓடும் ஐபோன் வேண்டும், பேச்சு ஆங்கிலத்தில். வியர்வை நம்முடையது, மூச்சு நம்முடையது, சபாஷ் மட்டும் கலிபோர்னியாவிலிருந்து, அதுவும் காதுக்குள். மூலையில் இருக்கும் ஸ்பீக்கர் வழக்கம்போல நீல விளக்கை மினுக்கிக்கொண்டு காத்திருக்கும்.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 1915 என்ற உதவி எண். ஐந்து லட்ச ரூபாய் வரையான புகாருக்கு மாவட்ட ஆணையத்தில் கட்டணம்கூடக் கிடையாது. எதிர்தரப்பினர் என்ற இடத்தில் யார் பெயரை எழுதுவது? வாட்சா, போனா, ஸ்பீக்கரா, ஆப்பா? நாலையும் எழுதினால் நாலு வக்கீல்கள் வந்து, தங்கள் பொருள் ஓகே என்று நாலு சான்றிதழ் நீட்டுவார்கள். பழுது பொருளில் இருந்தால் சட்டத்துக்குப் பிடிபடும். நாலு பொருளுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியில் பழுதை ஒளித்து வைப்பது எப்படி என்று இவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள்.

பிரிட்டனில் 2024 ஏப்ரலிலிருந்து, இணையத்தோடு இணையும் சாமானைத் தயாரிக்கிறவர்கள் பாதுகாப்பு அப்டேட் குறைந்தபட்சம் எதுவரை தருவார்கள் என்று வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். சட்டம் போட்டார்கள், காரியம் முடிந்தது. நமக்கும் அதுபோல நாலு வரி போதும், பெட்டியின் மேலேயே: எந்தெந்தச் சத்தம் வெளி ஸ்பீக்கருக்குப் போகும், எந்தெந்தது போகாது, இந்த வசதி எந்த வருஷம் வரை இருக்கும், அதற்குமுன் பிடுங்கினால் எவ்வளவு பணம் திரும்ப வரும். பெட்டியில் இடம் இல்லை என்று வருவார்கள். ஐம்பது மீட்டர் ஆழத் தண்ணீரையும் தாங்கும் என்று பெரிய எழுத்தில் போட மட்டும் அந்தப் பெட்டியில் எப்போதும் இடம் இருக்கிறது. நம்மில் ஐம்பது மீட்டர் ஆழத்துக்குப் போய்த் தண்டால் எடுக்கிறவர்கள் எத்தனை பேர் என்று அவர்களே சொல்லட்டும்.