கால்கட்டு

கேள்வி: என் தம்பி மனநல மருத்துவரிடம் சிகிச்சை எடுக்கிறான். சொந்தக்காரர்கள் ‘கீழ்ப்பாக்கம் கேஸ்’ என்கிறார்கள். ‘ஒரு கால்கட்டு போட்டால் சரியாகிவிடும்’ என்று வரனும் கொண்டுவருகிறார்கள். என்ன சொல்வது?

பதில்: சர்க்கரைக்கு மாத்திரை போடும் சித்தப்பாவிடம், ‘இன்னொரு கல்யாணம் பண்ணுங்க, சர்க்கரை இறங்கிடும்’ என்று யாராவது சொல்வார்களா? சித்தி விடுவாரா! மனநோய்க்கும் சிகிச்சைதான் மருந்து, மணப்பெண் அல்ல.

கால்கட்டு என்றாலே எனக்கு ஏர்வாடி நினைவுக்கு வந்து நெஞ்சு கனக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் அங்கே ஒரு மனநலக் காப்பகம் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் தடை செய்கிறது. நாக்கால் பூட்டும் சங்கிலியை நாம்தான் கழற்ற வேண்டும்.

கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் வரலாறு 1794-இல் தொடங்குகிறது. அங்கே குணமாகி வேலைக்குத் திரும்பியவர்கள் ஏராளம். அது வசைச்சொல் அல்ல, விலாசம்.

தம்பி தூங்கினானா, சாப்பிட்டானா, மாத்திரை போட்டானா என்று கவனியுங்கள். அவன் பேசும்போது அறிவுரை சொல்லாமல் கேளுங்கள். வரன் கொண்டுவரும் மாமாவுக்குக் காபி கொடுத்து, 14416 என்ற டெலி மனஸ் மனநல உதவி எண்ணையும் கொடுங்கள். இலவசம்தான், தமிழிலேயே பேசலாம்.